நான் நீலம் என்று சொன்ன கல்

அப்பு,

உன் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. தபால்காரர் கடைக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அனுப்பியவர் இடத்தில் உன் பெயரைப் பார்த்ததால் போகாமல் நின்றார். "பிரிங்கண்ணே, பாப்போம்" என்றார். பிரித்தேன். கோட்டயத்தில் கல்யாணம், பெண்ணும் உன்னைப் போலவே பாறைகளைப் பற்றிப் படித்தவள் என்பதெல்லாம் உன் அம்மா உன்னிடம் ஃபோனில் கேட்டு எனக்குச் சொல்லியிருந்ததுதான். நான் எதிர்பார்க்காதது என் பெயரை. மணமகனின் தகப்பனார் என்று போடுகிற இடத்தில், இனிஷியலோடு, ஏலக்காய் வியாபாரம், போடிநாயக்கனூர் என்பதோடு, முழுதாக அச்சடித்திருந்தாய். ஆறு வருடமாக நீ என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தபால்காரருக்கு அதெல்லாம் தெரியாது. "அப்பறம் என்ன, பட்டு வேட்டி எடுத்துற வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் காட்டினேன். அவளுக்கு முன்பே தெரியும். என் பெயரைப் போடுவாயா என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "கல்லைப் பத்தி அப்பாவுக்கு என்னம்மா தெரியும்? தெரியாமச் சொன்னதுக்கு எத்தனை வருசம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கிறது, விடுங்க" என்று சொன்னாயாம். அதை உன் அம்மா சந்தோஷமாக என்னிடம் சொன்னாள். நான்தான் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. நீ சொன்னதில் ஒரு தப்பு இருக்கிறது. அந்தத் தப்பின் மேல்தான் என் பெயரை அச்சடித்திருக்கிறாய். அதைத் திருத்தாமல் உன் கல்யாண மேடையில் வந்து நிற்க என்னால் முடியாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

கல் கிடைத்த கதை உனக்குத் தெரியும். ஆனாலும் முதலிலிருந்தே சொல்கிறேன், எனக்கே ஒழுங்காக அடுக்கிப் பார்க்கவேண்டியிருக்கிறது. போடிமெட்டைத் தாண்டி இறங்கும் சரிவில் நம் தோட்டத்தில், கோடைக்கு ஏலச் செடிகளுக்குத் தண்ணீர் வேண்டும் என்று குழி வெட்டி, படுதா விரித்து மழைத்தண்ணீர் தேக்க ஒரு குளம் போட்டோம். ஜேசிபி ஒரு பாறையைப் பிளந்து போட்டது. உள்ளே, வெளிறிய பாறைக்கு நடுவில், உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலமாக ஒரு திட்டு. வேலை பார்த்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். அந்தத் துண்டை மட்டும் உடைத்து எடுத்து, காய் மூட்டைகளோடு ஜீப்பில் இறக்கி, கடையில் மாதிரிக் காய் பரப்பும் மேசையில் வைத்தேன். வந்தவர் போனவர் எல்லாம் தொட்டுப் பார்த்தார்கள். நீ லீவில் வந்தவன், என்னைக் கேட்காமலே சுத்தியலால் ஒரு மூலையைத் தட்டி எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டு மதுரைக்குப் போனாய். முழுசாக இருந்த கல்லைக் கெடுத்துவிட்டான் என்று உன் அம்மாவிடம் இரண்டு நாள் புலம்பினேன். நியூட்ரினோ ஆராய்ச்சிக்காகப் பொட்டிபுரத்து மலையைக் குடையப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியபோது, பாறை பார்க்க வந்தவர்களின் பின்னாலேயே சுற்றிவிட்டு இந்தப் படிப்புக்குப் போனவன் நீ. கல்லைக் கண்டால் உன் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

நான் நிறம் பார்த்துப் பிழைப்பவன். ஒரு கை காயை அள்ளினால், அது உலர்த்தும் அறையில் எத்தனை மணி நேரம் கிடந்தது, தீ கூடிப்போனதா குறைந்ததா என்று சொல்லிவிடுவேன். ஏல மையத்தில் இப்போது கம்ப்யூட்டரில் விலை கேட்டாலும், கண்ணுக்கு முன்னால் மாதிரிப் பொட்டலம் வேண்டும், பச்சை எவ்வளவு பச்சை என்று பார்க்கவேண்டும். அந்தப் பச்சைக்காகச் சாயம் தோய்க்கிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட காயை நான் வாங்கியதும் இல்லை, விற்றதும் இல்லை. இதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான், உன்னிடமும் உன் தங்கை வாசுகியிடமும் சோற்றோடு சேர்த்து ஊட்டியிருக்கிறேன். யோக்கியன் என்ற பெயர் ஒரு மனிதனுக்குக் கொஞ்சம் ஆபத்துதான் அப்பு. அது இருக்கிறது என்கிற தைரியத்திலேயே ஒரு தடவை வழுக்கலாம்.

வாசுகிக்கு வரன் அமைந்தபோது சம்பந்தி வீட்டம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "மாப்ளைக்கு ஏழரை நடக்குதுண்ணே. போடுற மோதிரத்துல ஒரு நீலம் வச்சுப் போட்டீங்கன்னா எங்க மனசுக்கு ஆறுதலா இருக்கும்." சனிக்கு நீலம் என்பது எல்லா வீட்டிலும் உள்ள நம்பிக்கைதான், தப்பாகக் கேட்டுவிடவில்லை. ஒரு நல்ல நீலத்தை வாங்கிப் பதிக்க எனக்கு வழியும் இருந்தது. ஆனால் அந்த நிமிடம் என் வாய் சும்மா இருக்கவில்லை. "வெலைக்கு எதுக்குத் தாயி வாங்கணும்? எந்தோட்டத்துலயே நீலம் கெடக்கு" என்றேன். அவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். சம்பந்தி சாக்குக் கடை வைத்திருக்கிறவர், போடியில் காய் மூட்டை பிடிக்கிற அத்தனை பேரும் அவரிடம்தான் சாக்கு வாங்குவார்கள். இரண்டே நாளில் பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் என்னைப் பார்த்து, "என்னண்ணே, ஏலத்தைப் பிடுங்கிட்டு நீலம் போடப்போறீகளாமே" என்று கேலி பேசினார்கள். எனக்கு அது தேனாக இருந்தது.

இனிமேல் சொல்வது உனக்குத் தெரியாதது. கல்லை எடுத்துக்கொண்டு மதுரையில் கல் தேய்க்கிறவர் ஒருவரிடம் போனேன். வயதானவர், அதிகம் பேசமாட்டார். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு டப்பாவிலிருந்து சின்ன நீலக்கல் சில்லு ஒன்றை எடுத்து, என் கல்லின் பின்பக்கம் ஒரு கோடு இழுத்தார். ஊதினார். கோடு போகவில்லை. பிறகு என் கல்லின் முனையால் வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைப் படிகக் கல் ஒன்றில் இழுத்தார், அதிலும் கோடு விழுந்தது.

"அண்ணே, இது நீலம் இல்ல" என்றார். "நீலமா இருந்தா இம்புட்டு லேசாக் கீறாது. கண்ணாடியும் இல்ல, வெங்கச்சங்கல்லை இது கீறுது பாருங்க. என்ன கல்லுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா நீலம் இல்ல."

"நீலம்னு நான் சொல்லிட்டேனே" என்றேன்.

அவர் நீலச் சில்லை டப்பாவில் போட்டு மூடினார். "பட்டை வெட்டணுமா, உருட்டித் தேச்சாப் போதுமா?" என்று கேட்டார். உருட்டித் தேய்த்தால் போதும் என்றேன். உள்ளே கலங்கலாக இருந்த கல் அது, நல்ல நீலத்தின் ஒளி அதில் இல்லை, பட்டை வெட்டினால் காட்டிக் கொடுத்துவிடும் என்று எனக்கே தோன்றியது. அவர் தேய்த்துக் கொடுத்தார். திரும்பி வரும் பஸ்சில் நன்றாகத் தூங்கினேன். ஆண்டிபட்டிக் கணவாய் வந்ததுகூடத் தெரியவில்லை. மனசு உறுத்தியது, தவித்தது என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை.

நீலத்தை அப்படியே போட்டுவிடமாட்டார்கள், ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பார்கள். நீலத் துணியில் முடிந்து மாப்பிள்ளையின் கையில் மூன்று நாள் கட்டினார்கள். கெட்ட கனவு வந்தாலோ, கீழே விழுந்து அடிபட்டாலோ கல் ஆகாது என்று அர்த்தம். மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது நாள் அவருடைய பழைய சிநேகிதன் ஒருவன் நாலு வருடம் கழித்துத் தேடி வந்தானாம், அதையும் கல்லின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். ஆசாரி மோதிரத்தில் பதித்தார்.

நிச்சயதார்த்தத்தன்று நீ மதுரையிலிருந்து நேராக மண்டபத்துக்கு வந்தாய். தட்டில் மோதிரத்தைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்தது. நீ எடுத்துப்போன துண்டின் சோதனை முடிவு அந்த வாரம்தான் வந்திருந்தது என்பதும், எனக்குக் காட்டத்தான் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தாய் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரியும். மாப்பிள்ளையின் பெரியப்பா சும்மா இராமல், "தம்பி கல்லுப் படிப்புத்தான படிக்குது? மோதிரத்தை நல்லாப் பாத்துச் சொல்லட்டும்" என்று உன் கையில் கொடுத்தார்.

"இது நீலம் இல்ல மாமா" என்று நீ ஆரம்பித்தாய். கூட்டம் அடங்கிவிட்டது. உனக்கு அது கவனத்திலேயே இல்லை. "ஆனா நீலத்தை விட அபூர்வம். இதுக்குப் பேரு சஃபிரின். சஃபையர்னா நீலம். அது மாதிரி நெறமா இருக்கிறதால இந்தப் பேரை வச்சுட்டாங்க. மொதல்ல கெடச்சது கிரீன்லாந்துல, எரநூறு வருசத்துக்கு முன்னாடி. நெறந்தான் ஒண்ணு, உள்ள வேற. நீலத்துல அலுமினியமும் ஆக்சிஜனுந்தான். இதுல மெக்னீசியமும் சிலிக்கனும் சேந்திருக்கு, இது சிலிக்கேட் வகை. மைக்ராஸ்கோப்புல வச்சுத் திருப்புனா ஒரு பக்கம் நீலமாத் தெரியும், இன்னொரு பக்கம் நெறமே இல்லாமப் போயிரும். வெங்கச்சங்கல்லும் இதுவும் சாதாரணமாப் பக்கத்துல பக்கத்துல இருக்காது மாமா, ஒண்ணோட ஒண்ணு சேந்து வேற கல்லா மாறிரும். நம்ம பாறைல ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஆயிரம் டிகிரிச் சூடு பட்டாத்தான் அப்பிடி இருக்கும். நம்ம மலை ஒரு காலத்துல பூமிக்குள்ள முப்பது கிலோமீட்டர் ஆழத்துல வெந்துக்கிட்டு கெடந்துச்சுங்கிறதுக்கு இந்தக் கல்லுதான் சாட்சி."

இதைச் சொல்லிவிட்டு நீ என்னைப் பார்த்தாய். நான் சந்தோஷப்படுகிறேனா என்று பார்த்தாய். உன் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

நான் சிரித்தேன். "சஃபையர்னா என்ன, சஃபிரின்னா என்ன, ரெண்டும் ஒண்ணுதான். நீலத்தைத்தான் இங்கிலீசுல நீட்டி மொழக்கிச் சொல்றான். படிப்பு இன்னும் முடியல, ரெண்டு பேப்பரு அரியர் கெடக்கு. இவன் பேச்சைப் பெருசா எடுத்துக்காதீக" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். உனக்கு அரியர் கிடையாது. வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தாய். காகிதத்தைச் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுக்காமலே, சாப்பிடாமல் பஸ் ஏறிப் போய்விட்டாய். அடுத்த நாள் ஃபோன் போட்டு, தங்கச்சி கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தாய், கல்யாணத்தன்று இந்தப் பக்கமே தலைகாட்டாதே என்று சொன்னது நான்தான். நீ வரவில்லை. மாப்பிள்ளைக்கு மச்சான் செய்யவேண்டிய முறையை உன் சித்தப்பா மகன் நின்று செய்தான். வாசுகி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே அப்பு, அன்றைக்குத் தெரியாமல் சொன்னேன் என்று நீ நினைத்து என்னை மன்னித்திருக்கிறாய். நான் தெரிந்துதான் சொன்னேன். என்ன கல் என்று தெரியாது, நீலம் இல்லை என்று தெரியும். நீ சொல்வது நிஜம் என்பது அந்த மண்டபத்தில் எனக்கு ஒருவனுக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியும். அதனால்தான் அவ்வளவு வேகமாக உன்னை அடித்துப் பேச முடிந்தது. சந்தேகம் இருந்திருந்தால் கொஞ்சம் தடுமாறியிருப்பேன்.

நீ அலமாரியில் விட்டுப்போன புத்தகத்தைப் பிறகு எடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு சஃபிரின் வருகிற பக்கத்தைப் படித்தேன். பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியிலேயே மண்டபத்தில் நீ சொன்னது அத்தனையும் இருந்தது. நீலத்தைவிட இளக்கம், வெங்கச்சங்கல்லைவிடக் கடினம் என்று போட்டிருந்தது, மதுரைக்காரர் இரண்டே இரண்டு கோடு இழுத்துச் சொன்னதும் அதுதான். எனக்கு இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருவது ஒன்று உண்டு. பெருமையடிக்கத்தான் பொய் சொன்னேன். அந்தக் கல்லுக்கு உள்ள பெயரைச் சொல்லியே பெருமையடித்திருக்கலாம். நீலம் வைத்திருப்பவர்கள் போடியில் நூறு பேர் இருப்பார்கள். சஃபிரின் பதித்த மோதிரம் யாரிடமும் கிடையாது. அதைச் சொல்ல என் மகனே வந்து நின்றான், நான் அவன் வாயை அடைத்தேன்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய், அப்பன் என்கிற முறையில் ஏதாவது சொல்லவேண்டும் என்று பார்க்கிறேன். பெரிதாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. சின்னதாக ஒன்று. உன் மனைவியும் உன் படிப்பே படித்தவள். நாலு பேர் முன்னால் நீ சொல்வதை ஒருநாள் தப்பு என்று சொல்லத்தான் செய்வாள். உடனே பதில் சொல்லாதே. ஒரு மடக்குத் தண்ணீர் குடி. எனக்கும் அன்றைக்குத் தேவைப்பட்டது அந்த நேரம்தான், பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீரும் இருந்தது.

போன வாரம் சாக்குக் கடைக்குப் போனேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அவர்களிடம் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் இதுவும் வாய்ப்பேச்சாகவே போய்விடும் என்று தோன்றியது. சம்பந்தி ஒரு கட்டுச் சாக்கைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். மதுரைக்குப் போனதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தெரியும் சம்பந்தி" என்றார்.

"எப்பருந்து?"

"நிச்சயத்தன்னைக்கேதான். ஒங்க மகன் சொன்னான்ல."

"அப்பறம் எப்பிடிப் பொண்ணெடுத்தீக?"

"வீட்டுக்குப் போயி நான் வேண்டாம்னுதான் சொன்னேன். கல்லு விசயத்துலயே இப்பிடின்னா, வேற என்ன என்ன இருக்குமோன்னு. என் சம்சாரந்தான், 'அந்தப் பையன் மூஞ்சியப் பாத்தீகளா? அப்பன் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, அம்புட்டு பேருக்கு முன்னாடி உள்ளதைச் சொல்லுது. அதுகூடப் பொறந்த பிள்ளைய நம்பி எடுக்கலாம்'னு சொன்னா. அதுக்குத்தான் எடுத்தோம். ஒங்களுக்காக எடுக்கல, கோவிச்சுக்கிறாதீக."

"ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருக்கலாமே" என்றேன்.

"நீங்களா வந்து சொல்லுவீகன்னு பாத்தோம்" என்றார். "ஆறு வருசமாச்சு. சரி, இப்பவாச்சும் வந்தீகளே. டீ சொல்லவா?"

மோதிரத்தை மாப்பிள்ளை இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ஏழரையும் முடிந்துவிட்டது. சனிக்குக் கல்லின் ரசாயனம் தெரியாது போலிருக்கிறது என்று சம்பந்தி சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. நீ தங்கச்சி கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தாய் என்று ஆறு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்தவன் நீதான். கெடுக்கப் பார்த்தவன் நான்.

அங்கிருந்தே வாசுகியிடமும் போய்ச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். "இதை எதுக்குப்பா எங்கிட்டச் சொல்றீங்க? அண்ணன்கிட்டச் சொல்லுங்க" என்றாள். அவள் மகளுக்கு நாலு வயதாகிறது, இன்னும் காது குத்தவில்லை. இந்த வருடம் சோலி, அடுத்த வருடம் பார்ப்போம் என்று ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். தாய்மாமன் மடி வேண்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறாள் என்பது சம்பந்தி வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அன்றைக்குத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. பேத்தி பார்த்துவிட்டு, தாத்தாவுக்குக் கண்ணில் தூசி என்று அவளாகவே சொன்னாள்.

இதையெல்லாம் படித்தபிறகு என் பெயர் உன் பத்திரிகையில் இருக்கவேண்டாம் என்று உனக்குத் தோன்றினால், அடித்துவிடு, அம்மாவை மட்டும் அனுப்பிவைக்கிறேன். மனத்தாங்கல் கொள்ளமாட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். கொள்வேன். ஆனால் நீ செய்தது சரி என்று எனக்குத் தெரியும்.

வா என்று சொன்னால் வருகிறேன். பெண் வீட்டார் கேட்பார்கள், இத்தனை நாள் இந்த மனிதர் எங்கே இருந்தார், அப்பனுக்கும் மகனுக்கும் என்ன தகராறு என்று. மலையாளத்தில் கேட்டாலும் எனக்குப் புரியும், தோட்டத்தில் பேசிப் பழகியதுதான். உடம்பு சரியில்லை, வியாபாரத்தில் அலைச்சல் என்று எனக்காக நீ எதுவும் கட்டிச் சொல்லவேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல். நான் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், நீ சொல்லி முடித்ததும், அவன் சொல்வதெல்லாம் நிஜம் என்று அவர்கள் எல்லாரும் கேட்கச் சொல்கிறேன்.

உன் அப்பா